மார்ச்சில் பழுதான மோட்டார்

மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

அக்கா சுகம். முழங்கால் மட்டும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு ஒற்றைத் தலைவலி குறைந்ததா? சின்னதுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இல்லை இன்னும் ஓட்டை வாயோடுதான் பள்ளிக்கூடம் போகிறாளா?

போனிலேயே பேசலாமே என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். போனில் நீ ‘உம்’, ‘சரி’, ‘அப்புறம்’ என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. நாள் முழுக்க அரசாங்கத்துக்காகக் கோர்ட்டில் பேசித் தேய்ந்த வாய், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில்தான் நீ என் தம்பியாக இருக்கிறாய். அதனால் சோம்பேறித்தனம் பண்ணாமல் எழுது.

போன கடிதத்தின் கவர் ஓரத்தில் பிரிந்து, மறுபடி ஒட்டியதுபோல் இருந்தது. இங்கே ஒரே மழை, தபால் பை நனைந்திருக்கும். எதற்கும் நீ பசையைக் கொஞ்சம் தாராளமாகத் தடவு. வக்கீல் சம்பளத்தில் பசைக்குமா பஞ்சம்?

தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ கேட்ட நேரம், அது படுத்தேவிட்டது. குழிக்குள் தனியாக இறங்காதே என்று நீ ஒரு பக்கத்துக்குப் புத்தி சொல்லியிருந்தாயே, இறங்கவில்லை சாமி. ஒரு தம்பி வந்து சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். கல் குவாரியில் மோட்டார் பார்க்கிறவர். இடது கட்டைவிரலில் நகமே கிடையாது, அந்த விரலை வைத்துக்கொண்டு எப்படித்தான் அத்தனை சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கிறாரோ! “இதெல்லாம் ஆகுமாப்பா?” என்று நான் குழி ஓரத்தில் நின்று புலம்ப, “ஆயிடும்க்கா, ஆயிடும்” என்று அதையே ஒரு பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஆகியும்விட்டது. நான் அவரை மோட்டார் தம்பி என்று கூப்பிடுகிறேன். உனக்குப் பொறாமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

மூன்று பேரும் சௌக்கியம். தலைவலி குறைந்திருக்கிறது. பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. “உங்க அக்கா பல்லு” என்கிறாள் என் வீட்டுக்காரி, சண்டைக்கு வராதே. உன் முழங்காலுக்கு நீயே ஒரு டாக்டரைப் பார்க்கலாம் இல்லையா? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டு காலைத் தேய்த்துக்கொண்டு நடப்பது உனக்கே நன்றாக இருக்கிறதா?

மோட்டார் சரியானதில் சந்தோஷம். எனக்குப் போட்டியாக இன்னொரு தம்பி முளைத்ததில் வருத்தம். அந்த ஆளை விட்டுவிடாதே, வீட்டில் ஆள் இல்லாதவளுக்கு நல்ல மெக்கானிக் கிடைப்பது லேசில்லை.

என் வேலை எப்படிப் போகிறது என்று நீ கேட்பதே இல்லை. நானே சொல்கிறேன். விசாரணை அறைக்கு ஜன்னல் கிடையாது. உயரமான மேசையில் நீதிபதி. ஒரு பக்கம் நம் ஊர் மாதிரி இடங்களிலிருந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்து அடைக்கலம் கேட்டு மனுப் போட்டவரும் அவருடைய வக்கீலும், நடுவில் மொழிபெயர்ப்பாளர். இந்தப் பக்கம் அரசாங்கம். அரசாங்கம் என்றால் நான்தான். ஒரு தண்ணீர் ஜாடியும் கோப்பு வண்டியும் என் துணைக்கு. ‘ஊருக்குப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள், இங்கே இருக்க இடம் கொடுங்கள்’ என்பார்கள். அது மெய்யா பொய்யா என்று துருவிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன வருஷம் ஒருவன் அழுதான். நம்பிவிட்டேன், எதிர்த்து வாதாடவில்லை. பிறகு பார்த்தால் அவன் சொன்ன பெயரும் பொய், ஊரும் பொய். பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும், “இவர்கிட்ட ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாப் போதும்” என்றார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குக் ‘கைக்குட்டை’ என்று பெயர். டைப் அடிக்கிற பெண்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறாள். இப்போதெல்லாம் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தேதிகளைத்தான் பார்க்கிறேன். முகம் நடிக்கும், தேதிக்கு நடிக்கத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன், அதனால் சுகத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

மோட்டார் தம்பி இங்கிருந்து கிளம்பிவிட்டார். இங்கத்திக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். உன் பக்கம்தான் வருகிறார். பெண்டாட்டி இங்கே அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். என் தம்பி அங்கே பெரிய வக்கீல் என்று சொல்லி உன் பெயரையும் அலுவலகத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இந்த மனிதருக்கு ஒரு கை கொடு. என்ன செய்ய முடியுமோ அதைச் செய். எனக்காகச் செய் என்றே வைத்துக்கொள்.

கவருக்குப் பசையைத் தாராளமாகத் தடவச் சொன்னேன், நீ கேட்கவே இல்லை. இந்தத் தடவையும் பிரிந்துதான் வந்தது.

சின்னதுக்கு முத்தம். தலைவலிக்காரியை வெயிலில் அலையவிடாதே.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமா? பதில் எழுத ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், அதற்கு முதலில் மன்னித்துக்கொள்.

உன் காரியத்தை என்னால் செய்ய முடியாது. நான் வக்கீல்தான், ஆனால் அவர்களுடைய வக்கீல் இல்லை. அவர்களை எதிர்க்கிற வக்கீல். உன் மோட்டார் தம்பி இங்கே வந்து அடைக்கலம் கேட்டால், அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவது எங்கள் பிரிவு. என் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது பெரிய தப்பு. இலவசமாக வாதாடுகிற சங்கங்கள் இருக்கின்றன, அவரை அங்கே போகச் சொல். என் அலுவலக வாசலில் வந்து நிற்க வேண்டாம்.

கோபிக்காதே. எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. வழக்கில் இருப்பவர் நமக்குத் தெரிந்தவர் என்றால், ‘தெரிந்தவர்’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை வேறு வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும். அவருக்காக நான் செய்யக்கூடியது அதிகபட்சம் அவ்வளவுதான், அதாவது விலகி நிற்பது.

பசையை இந்தத் தடவை வழிய வழியத் தடவியிருக்கிறேன். முழங்காலைப் பற்றி எழுது.

உன் தம்பி


ஆகஸ்ட் 18

சட்டப் புத்தகத்துக்கு அக்கா எழுதுவது,

சுகமாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை மனசுக்குள் திட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். சின்ன வயசிலேயே நீ அப்படித்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு ரப்பர் கொடுக்கலாமா கூடாதா என்று வாத்தியாரிடம் எழுந்து நின்று கேட்டவன்தானே நீ! சரி, விலகி நிற்கிறேன் என்றாயே, அதையாவது ஒழுங்காகச் செய்.

அவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் மனைவி வந்து என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். “ஏதாவது தெரிஞ்சுதாக்கா?” என்பாள். நானென்ன ரேடியோவா? உன்னைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. நீ கையை விரித்த பிறகு என்னத்தைச் சொல்ல?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சின்னதுக்கு இருமல், பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்காரி உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள், ஒரு கை மட்டும் முடிந்திருக்கிறது.

சும்மா ஒரு விஷயம் கேட்கிறேன். உன் மோட்டார் பழுதானது மார்ச் மாதம்தானே? அந்த மெக்கானிக் உன் வீட்டுக்கு எப்படி வந்தார்? நீ ஆள் அனுப்பிக் கூப்பிட்டாயா, அவராகவே வந்தாரா? எங்கள் வீட்டிலும் பம்ப்பு தகராறு செய்கிறது, அதனால் நினைவு வந்தது.

நேரமிருக்கும்போது எழுது. அவசரமில்லை, ஆனால் மறந்துவிடாதே.

உன் தம்பி


அக்டோபர் 17

அன்புத் தம்பி,

அக்கா சுகமே. சின்னதின் இருமலுக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்காதே, வெந்நீர் கொடு. ஒற்றைக் கைச் சட்டையே போதும், மற்ற கையை நான் பையில் வைத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுப் பம்ப்பைப் பார்க்க இங்கிருந்து மெக்கானிக் வர வேண்டுமா? என்ன விஷயம், அவரைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் சொல்லிவிடு, இப்படிச் சுற்றி வளைக்காதே.

நீ கேட்டதால் சொல்கிறேன். மார்ச் மாதம்தான், முதல் வாரம். அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பட்டப்பகலில் சைக்கிளில் வந்தார், மோட்டாரைப் பார்த்தார், கூலியை வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவதில்லையா, அந்த மாதிரி. அதற்கு மேல் எனக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது.

ஆனால் ஒன்று. குவாரியில் அவர்கூட வேலை பார்த்த இரண்டு பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. இதை நான் பத்திரிகையில் படித்ததாக வைத்துக்கொள்.

அக்கா


நவம்பர் 30

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் நின்றுவிட்டது.

நேற்று ஒரு வழக்கு முடிந்தது. எங்கள் பக்கம் தீர்ப்பு. பிரிவுத் தலைவர் தோளில் தட்டினார். கைக்குட்டை என்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் நேற்று சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. உனக்கு எழுதுகிறேன். விவரங்களைச் சொல்லக் கூடாது, மேலோட்டமாகச் சொல்கிறேன்.

மனுப் போட்ட ஆள், தன்னைத் தேடி ஆட்கள் அலைந்ததாகவும், ஜனவரியிலிருந்து மே வரைக்கும் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருந்ததாகவும் சொன்னார். அந்த வாசல்படியைத் தாண்டவே இல்லையாம். யார் வீடு என்பதைச் சொல்லவில்லை. மற்றபடி கோர்வையாகத்தான் சொன்னார், நீதிபதி தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நடுவில் ஒரு மாதத்தில், இன்ன தெருவில், ஒரு வீட்டில் இன்ன வேலை செய்தீர்களா என்று கேட்டேன்.

கேட்டதும் அந்த ஆள் சிரித்தார் அக்கா. மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டுபிடித்தால் ஒருவர் சிரிப்பாரே, அப்படி. காலையிலிருந்து கூனியிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆமா சார், செஞ்சேன்.”

“அப்போ வெளியே போயிருக்கீங்க.”

“இல்ல சார். வெளிய போகல.”

“வெளிய போகாம அந்த வீட்டுல எப்படி வேலை செஞ்சீங்க?”

“உங்களுக்குத் தெரியாததா சார்?”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்படி கண்டித்தார். அது யார் வீடு என்று நான் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்துகொண்டார், வாயைத் திறக்கவே இல்லை. அவருடைய வக்கீல், சின்னப் பெண், காதில் ஏதோ கெஞ்சினாள். பயந்து ஒளிந்திருந்தவன் ஊருக்குள் நடமாடி வேலை பார்த்திருக்கிறான், அதனால் முழுக் கதையையும் நம்ப முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது.

கேள்வி சரியான கேள்விதான். தேதியும் சரியானது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு விளங்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவள், அது எதற்கான சிரிப்பு என்று உனக்குத் தெரியுமா?

கம்பளிச் சட்டையின் இரண்டாவது கையும் முடிந்துவிட்டது. அனுப்பி வைக்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 25

அக்கா,

சட்டை வந்ததா? அளவு சரியாக இருந்ததா? டிசம்பர் முழுக்க உன் கடிதம் இல்லை. போன் செய்தால் எடுத்து, “டியூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஏதாவதா? என்மேல் கோபமா? கோபமென்றால் திட்டி எழுது, நாலு பக்கம் வேண்டுமானாலும் திட்டு. இப்படி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளாதே.

உன் தம்பி


பிப்ரவரி 8

தம்பி,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. எங்கள் வார்டு நர்ஸ் ஒருத்தி மகளைப் பார்க்க அந்தப் பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு தடவை பசையைப் பற்றிக் கவலையில்லை. உன் கவர்கள் மழையில் பிரியவில்லையடா. போன வருஷம் முழுக்க எங்கள் தெருவுக்கு வந்த தபால் எல்லாமே பிரித்துப் படிக்கப்பட்டுத்தான் வந்தது. நான் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். நீ பசையைத் தடவிக்கொண்டிருந்தாய்.

நீ கேட்ட சிரிப்புக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஒளிந்திருந்தது என் வீட்டில்.

ஜனவரியில், போலீஸையும் கையில் வைத்திருக்கிற குவாரிக்காரனின் ஆட்கள் அடித்துப் போட்ட நிலையில் அவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூட இருந்த இருவரை அன்றைக்கே காணோம். மறுநாள் மத்தியானம் நாலு பேர் வார்டு வாசலுக்கு வந்து அவர் கட்டில் எது என்று கேட்டார்கள். எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியாது, அழுக்குத் துணி வண்டியில் போர்வைகளுக்கு அடியில் படுக்க வைத்துப் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். என் வீட்டுப் பின்னறையில், பழைய கட்டில்களுக்கு நடுவே மே வரைக்கும் இருந்தார். முற்றத்தைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. சும்மா உட்கார முடியாத மனிதர். இரும்பு அலமாரியின் கீலைச் சரிபண்ணினார், என் தையல் மிஷினைச் சரிபண்ணினார். மார்ச்சில் மோட்டார் படுத்ததும், “நான் பார்க்கிறேங்க்கா” என்று முற்றத்துக் குழிக்குள் இறங்கிவிட்டார். வெளியே போகாமல் எப்படி வேலை செய்தார் என்று கேட்டாயே. இப்படித்தான் செய்தார்.

ஏன் உனக்கு எழுதினேன் என்கிறாயா? இரண்டு மாதமாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். அந்த விரலைப் பற்றி, அந்த ‘ஆயிடும்’ பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. எழுதிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் நீ மறுபடி கேட்டபோது, படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும் என்று பட்டப்பகல், சைக்கிள், கூலி என்று அளந்துவிட்டேன். அவருக்குச் சைக்கிளே கிடையாது தம்பி. அந்தச் சைக்கிளை எழுதியது என் கை. அதை நினைத்தால் இந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரை ஊருக்குத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போன் பேச விட்டார்களாம். பெண்டாட்டிக்குப் பண்ணாமல் எங்கள் வார்டுக்குப் பண்ணினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அக்கா, எதிர்ல உட்கார்ந்திருந்தது உங்க தம்பிதான். நீங்க குடுத்த சீட்டுல இருந்த அதே பேரு. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் மோட்டாரைப் பத்திக் கேட்டாருக்கா. உங்களையும் என்னையும் விட்டா அது யாருக்குத் தெரியும்? நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்க, என்னைக் காப்பாத்தத்தான் கேக்குறாருன்னு நினைச்சேன். யார் வீடுன்னு கேட்டப்பதான் ஒண்ணும் புரியல. அங்க பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆகுது, உங்க பேரைச் சொன்னா உங்களுக்கு ஆபத்து, அதனால சொல்லல. என் பொண்டாட்டிகிட்ட வக்கீல் யாருன்னு சொல்லிடாதீங்க. உங்க மேல கோவப்படுவா. நீங்க அழாதீங்கக்கா. ஆயிடும்.”

இதைத்தான் சொன்னார். உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். நீ முகத்தைப் பார்ப்பதில்லையே.

விமானம் வந்த அன்று அவர் மனைவி காலையிலிருந்து விமான நிலையத்துக்கு வெளியே காத்திருந்தாள். எல்லோரும் வந்தார்கள், அவர் வரவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக இரண்டு பேர் யாரையோ அழைத்துப் போனதாகப் பெருக்குகிற அம்மா சொன்னாளாம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவர்தான் இவர் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா


மார்ச் 3

அக்கா,

தெரியும்.

இந்தக் கடிதத்தை அந்த நர்ஸ் அம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ சுகமா என்று கேட்கக் கை வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கோப்பு செப்டம்பரில் என் மேசைக்கு வந்தது. கல் குவாரி, உன் ஊர், இடது கட்டைவிரல் என்று எல்லாம் இருந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் அவர் தன் வக்கீலிடம், “ஆயிடும்மா, ஆயிடும்” என்று சொல்வதையும் கேட்டேன். ‘தெரிந்தவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், கோப்பு பக்கத்து மேசைக்குப் போயிருக்கும். அங்கே யாருக்கும் மோட்டாரைப் பற்றித் தெரியாது. அவர் பிழைத்திருப்பார். நான் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அவர் என் அக்காவுக்குத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்தவர் இல்லை, நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது என்று சொல்லிக்கொண்டேன். இதைவிட மட்டமான வாதத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் வைத்ததில்லை.

உனக்குப் பம்ப்பு தகராறு என்று எழுதியதும் பொய். ஆனால் உன் பதிலை ஒரு சொல் விடாமல் நம்பினேன். என் அக்கா பொய் சொல்ல மாட்டாள், அதனால் அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். பழியை உன்மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. சைக்கிளை எழுதியது நீயாக இருக்கலாம். அதை ஓட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனது நான்.

தீர்ப்பு வந்த மத்தியானம் பிரிவில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நடந்ததை எல்லாம் எழுதி நீதிபதியிடம் கொடுத்துவிட்டேன். “இப்ப எதுக்கு இது? ஆளே இங்க இல்லையே” என்றார் பிரிவுத் தலைவர். என்னை விசாரணைகளிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், வேலை இருக்குமா என்று தெரியாது, அதைப் பற்றி எனக்குக் கவலையுமில்லை. அவருடைய வக்கீல் வழக்கை மறுபடி திறக்க மனுப் போட்டிருக்கிறாள். அதற்கு நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும். உன் பெயரும் வீடும் அதில் வரும். உனக்கு ஆபத்து என்றால் வேண்டாம். தீர்ப்பை ரத்து செய்தால் அவர் திரும்பி வரலாம். அவர் கிடைத்தால் வரலாம்.

ஏதாவது எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் தம்பி


மே 19

தம்பிக்கு,

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு அந்த வக்கீல் பெண்ணுக்கே அனுப்பியிருந்தேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்கள் என்று அவள் எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறாள். இங்கேயே அனுப்பச் சொன்னேன்.

அவர் மனைவி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அதே பின்னறையில், அவர் படுத்திருந்த கட்டிலில் படுக்கிறாள். நாங்கள் இருவரும் போகாத ஆபீஸ் இல்லை. போகிற இடத்தில் எல்லாம், அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்கிறார்கள். அவள் அவர்களிடம் அவர் போட்டோவை நீட்டுகிறாள், அவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு உன் நினைவு வருகிறது. மறைப்பானேன்?

மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றேன். “வேணாம்க்கா, அவர் வந்து பார்த்துக்குவார்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாய்க்குப் போகிறாள். நானும் ஒரு குடத்தோடு பின்னாலேயே போகிறேன். முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும்.

என்னைத் திட்டி எழுதச் சொல்லியிருந்தாய். எழுதத்தான் உட்கார்ந்தேன், திட்டு வரவில்லை. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு உன்மேல் பழைய உரிமை வேண்டும். அதைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னதைக் கேட்டதாகச் சொல்.

போன வாரம் நீ அனுப்பிய கடிதத்தைத் தபால்காரர் அவள் கையில்தான் கொடுத்தார். இப்போதெல்லாம் கவர் பிரியாமல் வருகிறது. அவள் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெளிநாட்டுல இருந்து வந்திருக்கே, யாருக்கா எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள். தம்பி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர்” என்று சொல்லிவிட்டேன்.